மாமியார் வீட்டுக் கணவாய், அம்மா வீட்டில் ஹராமா? எந்த உயிரினம் கூடும், எது கூடாது

வ அலைக்குமுஸ்ஸலாம், தங்கச்சி.

படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உள்நாட்டில் ராவுத்தர் குடும்பத்தில் பிறந்தவர், ஹனஃபி மத்ஹப், அதாவது ஹனஃபி சட்ட வழியைப் பின்பற்றுபவர். கடற்கரை ஊரில் ஷாஃபிஈ குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு மூன்று மாதம் ஆகிறது. வாரத்தில் ஒரு நாளாவது மாமி கணவாய் ஆக்குகிறார். உங்கள் அம்மாவோ போனில் "அதைத் தொடாதே, நமக்குக் கூடாது" என்கிறார். ஒரே குர்ஆன், ஒரே நபி. பிறகு எப்படி ஒரு வீட்டில் கூடும், இன்னொரு வீட்டில் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே நண்டு, சுவரொட்டி, முயல், உடும்பு பற்றியும் சந்தேகம். கணவாய் ஆக்கிய சட்டியில் மறுநாள் உங்களுக்குச் சமைக்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

பெண்கள் மத்ரஸாவில் பல வருடமாக ஃபிக்ஹ் என்கிற மார்க்கச் சட்டப் பாடம் நடத்துகிறேன். கல்யாண மாதங்கள் முடிந்ததும் இந்தக் கேள்வி எனக்கு வராமல் இருந்ததில்லை. சட்டம் தெரிந்துகொள்வதற்காக மட்டும் யாரும் இதைக் கேட்பதில்லை. மாமியின் மனம் நோகக்கூடாது, அம்மாவின் சொல்லையும் மீறக்கூடாது, இரண்டுக்கும் மேலே அல்லாஹ்விடம் குற்றவாளியாக நிற்கக்கூடாது என்கிற பயத்தோடு கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அஸ்திவாரம். உணவில் அடிப்படை அனுமதிதான். கூடாது என்று சொல்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். குர்ஆனில் அல்அன்ஆம் அத்தியாயம் 145வது வசனத்தை எடுத்துப் பாருங்கள். தானாகச் செத்தது, ஓட்டப்பட்ட இரத்தம், பன்றியின் இறைச்சி, அல்லாஹ் அல்லாதவரின் பெயரால் அறுக்கப்பட்டது என்று அங்கே நான்குதான் வருகின்றன. அல்பகரா 173லும் இதே நான்கு. பசி உயிரைப் பறிக்கும் நிலை வந்துவிட்டால், வேண்டுமென்றே வரம்பு மீறாதவருக்கு இந்த நான்கிலும் குற்றமில்லை என்று அதே வசனங்கள் முடிகின்றன. தடை எவ்வளவு குறுகலாகத் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். அதற்கு மேல் வருபவை நபி (ஸல்) அவர்கள் தடுத்தவையும், "தூய்மையானவற்றை ஹலாலாக்குவார், கெட்டவற்றை ஹராமாக்குவார்" என்ற அல்அஃராஃப் 157வது வசனத்தை வைத்து இமாம்கள் ஆய்ந்து சொன்னவையும்தான். மத்ஹபுகளின் வேறுபாடு பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது. பன்றி விஷயத்தில் எந்த இமாமுக்கும் இரண்டாவது பேச்சு கிடையாது.

தானாகச் செத்ததைப் பற்றி அல்மாயிதா 3வது வசனம் இன்னும் பிரித்துச் சொல்கிறது. கழுத்து நெரிந்து செத்தது, அடிபட்டுச் செத்தது, மேலிருந்து விழுந்தது, கொம்பால் முட்டப்பட்டது, வேட்டை மிருகம் கடித்துத் தின்றது எல்லாமே ஆகாது; உயிர் போவதற்குள் நீங்கள் அறுத்துவிட்டதைத் தவிர. அந்தக் கடைசி விலக்கு வீட்டில் கோழி, ஆடு வளர்க்கிறவர்களுக்கு ரொம்ப முக்கியம். நாய் கடித்த கோழி துடித்துக்கொண்டிருக்கிறது, வீட்டில் ஆண்கள் இல்லை, பள்ளிவாசல் மோதினாரைக் கூப்பிட நேரமில்லை. பெண் அறுக்கலாமா? தாராளமாக அறுக்கலாம். மதீனாவில் ஸல்உ மலைப் பக்கம் கஅப் பின் மாலிக் (ரலி) வீட்டு ஆடுகளை ஒரு அடிமைப் பெண் மேய்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆடு சாகப்போகிறது என்று தெரிந்ததும் ஒரு கல்லை உடைத்து, அதன் கூர்முனையால் அறுத்தார். விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் போனது. சாப்பிடச் சொன்னார்கள். இது புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. பெண் அறுத்தால் ஆகாது என்று நம் ஊர்களில் நடமாடும் பேச்சுக்கு மார்க்கத்தில் இடமில்லை.

அறுப்பில் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் முழுசாக அறுபட வேண்டும் என்பது ஷாஃபிஈ சட்டம். ஹனஃபியில் இவற்றோடு கழுத்தின் இரண்டு பக்கத்து இரத்தக் குழாய்களையும் சேர்த்து நான்கில் மூன்று அறுபட வேண்டும். பிஸ்மி சொல்வது ஷாஃபிஈயில் வலியுறுத்தப்பட்ட சுன்னத். ஹனஃபியில் வேண்டுமென்றே விட்டால் இறைச்சி ஆகாது, மறந்து விட்டால் ஆகும். கடையில் வாங்கும் கறிக்குப் பிஸ்மி சொன்னார்களோ இல்லையோ என்று மருகிக்கொண்டிருக்க வேண்டாம். புதிதாக இஸ்லாத்துக்கு வந்த சிலர் இறைச்சி கொண்டுவருகிறார்கள், அல்லாஹ்வின் பெயர் சொன்னார்களா என்று தெரியவில்லை என்று கேட்கப்பட்டபோது, "நீங்கள் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிச் சாப்பிடுங்கள்" என்றுதான் நபி (ஸல்) சொன்னார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். முஸ்லிம் அறுத்த இறைச்சியில் துருவித் துருவி விசாரிப்பது நம் வேலையல்ல.

இரத்தத்துக்கு வருவோம். குர்ஆன் தடுத்தது ஓட்டப்பட்ட இரத்தத்தை. அறுக்கும்போது பீய்ச்சி வருகிறதே, அது. நம் பக்கத்துக் கடைகளில் ஆட்டு இரத்தத்தை உறையவைத்துப் பொரியலுக்கு விற்கிறார்கள்; அது முஸ்லிமுக்கு ஆகாது, எந்த மத்ஹபிலும் ஆகாது. ஆனால் அறுத்த பிறகு கறித்துண்டில் ஒட்டியிருக்கும் சிவப்பு, கழுவும்போது தண்ணீரில் இறங்கும் நிறம், கொதிக்கும்போது மேலே வரும் நுரை இதில் சேராது. சில பெண்கள் கறி வெள்ளையாகும் வரை ஏழெட்டுத் தண்ணீர் விடுவதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு சிரமப்பட வேண்டாம்.

சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். கருஞ்சிவப்பாக, வெட்டினால் உள்ளே இரத்தக்கட்டி மாதிரியே இருப்பதால் உங்களுக்குச் சந்தேகம் வந்தது நியாயம்தான். இப்னு உமர் (ரலி) வழியாக வருகிற அறிவிப்பு இதற்கு நேரடியான பதில்: நமக்கு இரண்டு செத்தவையும் இரண்டு இரத்தங்களும் அனுமதிக்கப்பட்டன. செத்தவை மீனும் வெட்டுக்கிளியும். இரத்தங்கள் ஈரலும் மண்ணீரலும். ஆகவே சுவரொட்டியைத் தாராளமாகச் சுட்டுத் தின்னுங்கள். இரத்தச்சோகைக்கு உங்கள் அம்மா வாங்கித் தந்தது ஹலாலானதைத்தான். உங்கள் மத்ஹபில் பித்தப்பை, மூத்திரப்பை, விதைப்பை, கழலை (சுரப்பி), ஆண்குறி, பெண்குறி ஆகியவற்றைத் தின்பது வெறுக்கப்பட்டது. கறிக்கடையில் சுத்தம் பண்ணச் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அறிவிப்பில் வெட்டுக்கிளி வந்ததைக் கவனித்தீர்களா? நபி (ஸல்) அவர்களோடு ஆறோ ஏழோ போர்களுக்குப் போனோம், வெட்டுக்கிளி சாப்பிட்டோம் என்று அப்துல்லாஹ் பின் அபீ அவ்ஃபா (ரலி) சொல்கிறார்கள். இதை வைத்து ஈசலும் கூடுமா என்று ஒரு மாணவி கேட்டாள். மழை விட்ட மறுநாள் ஈசல் பிடித்து வறுத்து, அரிசிப் பொரியோடு தின்கிற வழக்கம் அவள் ஊரில் உண்டு. பூச்சிகளில் விலக்கு வெட்டுக்கிளிக்கு மட்டும்தான். ஈசல் உட்பட மற்றவை ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டிலும் கூடாது. மாலிக்கி மத்ஹபில் பூச்சிகளுக்கு அனுமதி இருக்கிறது. எறும்பு, தேனீ, ஹுத்ஹுத் என்கிற கொண்டலாத்தி, கீச்சான் குருவி ஆகிய நான்கையும் கொல்வதையே நபியவர்கள் தடுத்தார்கள். கொல்லக்கூடாது என்று சொல்லப்பட்டதைத் தின்னவும் கூடாது என்று ஷாஃபிஈ அறிஞர்கள் விளங்கினார்கள். தவளையும் அப்படித்தான். மருந்தில் தவளை சேர்க்கலாமா என்று ஒரு வைத்தியர் கேட்டபோது அதைக் கொல்ல வேண்டாம் என்றார்கள். இளைப்புக்குப் பழந்தின்னி வௌவால் கறி கொடுக்கிற பழக்கம் நம் பக்கம் உண்டல்லவா, ஷாஃபிஈயில் அதுவும் ஆகாதவற்றில்தான் வருகிறது.

இனி கடல். உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

நான் கடற்கரையில் பிறந்தவள். உம்மா கணவாயைச் சுத்தம் செய்யும்போது பக்கத்தில் குந்தியிருப்போம். தலையைப் பிடித்து இழுத்தால் குடலும் மைப்பையும் சேர்ந்து வரும். மைப்பை உடைந்தால் கையெல்லாம் கருநீலம். பிறகு உடலுக்குள் விரலை விட்டு, கண்ணாடி மாதிரி மெல்லிசாக, பேனா முள் வடிவத்தில் ஒரு தகட்டை உருவி எங்கள் கையில் தருவார்கள். இது மீனா, மீன் இல்லையா என்று அன்று யாரும் கேட்கவில்லை. பிறகு மத்ரஸாவில் ஓதும்போதுதான் அந்த ஒரு கேள்வியில் இரண்டு மத்ஹபும் பிரிகின்றன என்று தெரிந்தது.

"கடலில் வேட்டையாடுவதும் அதன் உணவும் உங்களுக்கு ஹலாலாக்கப்பட்டது" என்கிறது அல்மாயிதா 96. கடலைப் பற்றி நபி (ஸல்) "அதன் தண்ணீர் தூய்மையானது, அதில் செத்தது ஹலாலானது" என்றார்கள். இந்த இரண்டு வாசகங்களும் பொதுவானவை, மீன் என்று குறுக்கவில்லை. ஆகவே தண்ணீரில் மட்டுமே வாழக்கூடிய எதுவும் கூடும் என்பது ஷாஃபிஈ நிலை. கணவாய், இறால், சிங்கி இறால், சுறா, திருக்கை எல்லாம் இதில் அடங்கும்.

உங்கள் ஹனஃபி மத்ஹபின் இமாமான அபூ ஹனீஃபா அவர்கள் இதே வசனத்தை வேறு விதமாகப் பார்க்கிறார்கள். ஹஜ்ஜுக்கு இஹ்ராம் கட்டியவர் தரையில் வேட்டையாடக் கூடாது, கடலில் வேட்டையாடலாம் என்பதே அந்த வசனத்தின் பேச்சு. பிடிபட்ட எல்லாவற்றையும் தின்னலாம் என்பதற்கு அது ஆதாரமாகாது. செத்தவற்றில் இரண்டுதான் ஹலால் என்ற அறிவிப்பில் பெயர் சொல்லப்பட்டது மீன்தான். மீன் அல்லாத கடல் பிராணிகள் மனிதனின் இயல்பு ஒதுக்குகிற கெட்டவற்றில் சேரும். ஆகவே கடலில் மீன் மட்டும். இதுதான் உங்கள் அம்மாவின் சொல்லுக்குப் பின்னால் இருக்கிற ஆதாரம். கூஃபா நகரம் கடலுக்குத் தூரம், அதனால்தான் அந்த இமாம் அப்படிச் சொன்னார்கள் என்று சிலர் லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. ஆதாரத்தை வைத்துச் சொன்னவருக்கு ஊரைக் காரணம் காட்டுவது மரியாதையில்லை.

இரண்டு மத்ஹபும் ஒரே சம்பவத்தின் மேல் நிற்கிற அழகையும் சொல்ல வேண்டும். அபூ உபைதா பின் அல்ஜர்ராஹ் (ரலி) தலைமையில் 300 பேரைக் கடற்கரைப் பக்கம் நபி (ஸல்) அனுப்பினார்கள். கட்டுச்சோறு ஒரு பை பேரீச்சம்பழம். தீரத் தீர, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பழம் என்று ஆனது. ஒரு பழத்தை வைத்து என்ன செய்தீர்கள் என்று பிறகு ஜாபிர் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். குழந்தை சப்புகிற மாதிரி சப்பி, மேலே தண்ணீர் குடித்துக்கொள்வோம், அன்று இரவு வரை அது போதும் என்றார்கள். கம்பால் மரத்து இலைகளை அடித்து உதிர்த்து, தண்ணீரில் நனைத்துத் தின்றார்கள். அந்த நிலையில் கரையில் மணல் மேடு மாதிரி ஒன்று தெரிந்தது. போய்ப் பார்த்தால் அன்பர் என்கிற கடல் பிராணி, செத்து ஒதுங்கியிருக்கிறது. "செத்ததாயிற்றே" என்றுதான் அபூ உபைதா முதலில் தயங்கினார்கள். பிறகு, நாம் அல்லாஹ்வின் தூதர் அனுப்பி வந்தவர்கள், பசியால் நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர்கள், சாப்பிடுங்கள் என்றார்கள். ஒரு மாதம் அதைத் தின்று எல்லாரும் சதை பிடித்தார்கள். அதன் கண்குழியிலிருந்து குடம் குடமாகக் கொழுப்பை அள்ளினார்கள். அந்தக் குழிக்குள் 13 பேர் உட்கார்ந்தார்கள். ஒரு விலா எலும்பை நட்டு வைத்து, இருந்ததிலேயே பெரிய ஒட்டகத்தை அதன் அடியில் நடத்திப் பார்த்தார்கள், தாராளமாகப் போனது. மதீனா திரும்பிச் சொன்னபோது நபி (ஸல்) "அது அல்லாஹ் உங்களுக்கு வெளியாக்கிக் கொடுத்த உணவு. எங்களுக்கும் அதில் ஏதாவது மீதி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டு, வாங்கிச் சாப்பிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது.

பசியில்லாமல் மதீனாவில் இருந்த நபியவர்களே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள் என்றால், அது நிர்ப்பந்தத்துக்காகக் கிடைத்த அனுமதி இல்லை, பொது அனுமதி என்கிறார்கள் ஷாஃபிஈ அறிஞர்கள். சில அறிவிப்புகளில் அந்த அன்பரை மீன் என்றே சொல்லியிருக்கிறதே, அப்படியானால் மீன் ஹலால் என்பதற்குத்தானே இது ஆதாரம் என்கிறார்கள் ஹனஃபி அறிஞர்கள். ஹதீஸை யாரும் ஒதுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இறால் விஷயத்தில் உங்கள் மத்ஹபுக்குள்ளேயே இரண்டு கருத்து. பழைய அரபு அகராதிக்காரர்கள் இறாலை மீன் வகை என்று எழுதினார்கள், மக்களும் அப்படித்தான் கருதுகிறார்கள்; அதனால் கூடும் என்று பல ஹனஃபி ஆலிம்கள் சொல்கிறார்கள். விலங்கியல்படி அது மீன் இல்லை என்று தவிர்ப்பவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் இறால் ஆக்குவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதை விட வேண்டிய அவசியமில்லை.

நண்டுதான் எங்கள் ஷாஃபிஈ பக்கமே சிக்கலானது. ஷாஃபிஈகள் எல்லாம் தின்னலாம் என்று நினைக்காதீர்கள். ஷாஃபிஈ அறிஞரான இமாம் நவவீ அவர்கள் மின்ஹாஜ் என்ற சட்ட நூலில் தரையிலும் தண்ணீரிலும் வாழ்கிற தவளை, நண்டு, பாம்பு ஆகியவை ஹராம் என்று எழுதினார்கள். அவர்களே மஜ்மூஃ நூலில் கடலில் உள்ள எல்லாமே ஹலால், தவளை தவிர என்ற கருத்தைச் சரியானதாக எடுத்தார்கள். அதனால் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் நண்டு ரசம் வைப்பார்கள், அடுத்த வீட்டில் நண்டு வாசலைத் தாண்டாது. வயல் நண்டு வேறு, ஆழ்கடலிலேயே வாழ்ந்து மடிகிற நண்டு வேறு என்று பிரித்துச் சொல்கிற ஆலிம்களும் இருக்கிறார்கள்; எனக்கு அந்தப் பிரிப்பு நியாயமாகப் படுகிறது. ஆனால் மாமி நண்டு வாங்குவதில்லை என்றால் அதற்கும் கித்தாபில் (சட்ட நூலில்) ஆதாரம் இருக்கிறது.

ஷியாக்களின் ஜஃபரி சட்டத்தில் செதில் உள்ள மீன் மட்டும்தான், கூட இறாலுக்கு அனுமதி உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கும் உங்கள் வீட்டுக்காரர் அங்கே அதைப் பார்த்திருப்பார்.

ஹனஃபியில் இன்னொரு சட்டம். எந்தக் காரணமும் இல்லாமல் தண்ணீரிலேயே தானாகச் செத்து மிதக்கிற மீன் ஆகாது. வலையில் மாட்டிச் செத்தது, அலை கரையில் எறிந்து செத்தது எல்லாம் ஆகும். மீன் சந்தையில் வாங்குவது வலையில் வந்ததுதான், பயப்பட வேண்டாம்.

தரை மிருகங்களில் பொது விதி இது: கோரைப் பல்லால் கிழித்துத் தின்னும் மிருகங்களையும், நகத்தால் பற்றி வேட்டையாடும் பறவைகளையும் நபி (ஸல்) தடுத்தார்கள். புலி, சிறுத்தை, ஓநாய், நாய், பூனை, கழுகு, பருந்து, ஆந்தை இதில் போய்விட்டன. ஆடு, மாடு, எருமை, ஒட்டகம், மான், கோழி, வாத்து, புறா, காடை, கௌதாரி, கொக்கு ஆகியவை கூடும். மயிலும் கிளியும் ஷாஃபிஈயில் ஆகாது. ஹனஃபியில் ஆகும், ஆனால் மயிலைக் கொல்வதை நாட்டின் சட்டம் தடுக்கிறது.

முயலில் உங்கள் இரண்டு வீட்டுக்கும் சண்டையே இல்லை. மர்ருள் ளஹ்ரான் என்ற இடத்தில் ஒரு முயலைக் கிளப்பினோம், ஆட்கள் துரத்திக் களைத்துப்போனார்கள், நான் பிடித்தேன் என்று அனஸ் (ரலி) சொல்கிறார்கள். அபூ தல்ஹா (ரலி) அதை அறுத்து, தொடைகளை நபியவர்களுக்குக் கொடுத்தனுப்பினார்கள், ஏற்றுக்கொண்டார்கள். முயலுக்குப் பூனை மாதிரிப் பாதம், அதனால் ஆகாது என்று சொல்லிக்கொள்கிறார்கள். பாதத்தை வைத்து எந்தச் சட்டமும் இல்லை. பண்ணை முயலாக வாங்குங்கள், காட்டு முயல் வேட்டை சட்டப்படி குற்றம்.

நாட்டுக்கோழி குப்பையைக் கிளறி அசிங்கம் தின்கிறதே என்று கூச்சப்படுபவர்கள் உண்டு. அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) சாப்பாட்டில் கோழிக்கறி இருந்தது. விருந்தாளி ஒருவர் விலகி உட்கார்ந்தார். கோழி அசிங்கத்தைத் தின்றதைப் பார்த்தேன், இனி தொடுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டேன் என்றார். "வாருங்கள், நபியவர்கள் இதைச் சாப்பிட நான் பார்த்திருக்கிறேன்" என்று அழைத்தார்கள் அபூ மூஸா. அசிங்கமே முக்கிய தீனியாகி, கறியில் நாற்றம் ஏறிவிட்ட பிராணியைத்தான் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. அதையும் சில நாள் கட்டிவைத்து நல்ல தீனி போட்டால் சரியாகிவிடும். இப்னு உமர் (ரலி) கோழியை மூன்று நாள் அடைத்து வைப்பார்கள்.

உடும்புக்கு வருகிறேன். இதில் மொழிபெயர்ப்பால் வந்த குழப்பம் ஒன்று இருக்கிறது. ஹதீஸில் வருவது "ளப்பு". தமிழில் அதை உடும்பு என்று எழுதிவிட்டார்கள், வேறு சொல் கிடைக்கவில்லை. அரபுப் பாலைவனத்து ளப்பு வாலில் முள் வரிசை உள்ளது, பெரும்பாலும் செடி கொடி தின்பது. நம் ஊர் உடும்பு ஊன் தின்னி. எலி, முட்டை, பாம்புக்குஞ்சு, அழுகிய பிணம் வரை தின்னும். ளப்பு ஹதீஸைக் காட்டி நம் உடும்பைக் கூடும் என்று சொல்வது பொருந்தாது. போதாததற்கு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. பிடித்தாலே சிறை. உங்கள் கணவரின் நண்பர்கள் தோப்பில் உடும்புக் கறி என்று கூப்பிட்டால் போகவேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆனால் அந்த ளப்பு ஹதீஸில் உங்களுக்குத் தேவையான வேறொன்று இருக்கிறது. அன்னை மைமூனா (ரலி) வீடு. நபி (ஸல்) அவர்களோடு காலித் பின் வலீத் (ரலி) போகிறார்கள். மைமூனா அவர்கள் காலிதுக்குத் தாயின் சகோதரி. நஜ்திலிருந்து வந்த ளப்பைச் சுட்டு வைத்திருந்தார்கள். நபியவர்கள் கையை நீட்டும்போது, அது என்னவென்று சொல்லிவிடுங்கள் என்றார்கள் வீட்டுப் பெண்கள். ளப்பு என்றதும் கையை எடுத்துக்கொண்டார்கள். "இது ஹராமா, அல்லாஹ்வின் தூதரே?" என்று காலித் கேட்டார்கள். "இல்லை. என் கூட்டத்தாரின் நிலத்தில் இது இருந்ததில்லை, அதனால் எனக்கு ஒப்பவில்லை" என்றார்கள். காலித் அதைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் ஹராம் என்பதையும் அல்லாஹ்வின் தூதரே இப்படிப் பிரித்துக் காட்டினார்கள். நாம்தான் இரண்டையும் கலந்துவிடுகிறோம். "உங்கள் நாவுகள் பொய்யாக வர்ணிப்பதைக் கொண்டு இது ஹலால், இது ஹராம் என்று சொல்லாதீர்கள்" என்று அந்நஹ்ல் 116 எச்சரிப்பதை நினைத்தால் எனக்கு ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) சொல்லவே கை நடுங்கும். கணவாயின் வழுவழுப்பு உங்களுக்குக் குமட்டினால், "எனக்கு ஒப்பலை மாமி" என்று சொல்லுங்கள். அது சுன்னத்தான வார்த்தை. ஹனஃபி என்பதால் தவிர்க்கிறீர்கள் என்றால், "எங்கள் மத்ஹபில் ஆகாது" என்று சொல்லுங்கள். "இது ஹராம்" என்று மட்டும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அந்தச் சஹன் தட்டுக்கு எதிரே சொல்லிவிடாதீர்கள். அவர்கள் ஹலாலைத்தான் தின்கிறார்கள்.

மத்ஹபை மாற்ற வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கல்யாணத்தால் மனைவியின் மத்ஹப் மாறுவதில்லை. நீங்கள் ஹனஃபியாகவே இருந்து கணவாயைத் தவிர்க்கலாம். அவர்களுக்கு ஆக்கிக் கொடுக்கலாம், அவர்களுக்கு அது ஹலால். உப்பு பார்க்க நாத்தனாரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சட்டி. கைபர் போர், ஹிஜ்ரி 7. வெற்றி கிடைத்த அன்று மாலை முகாம் முழுக்க அடுப்பு எரிகிறது. என்ன சமைக்கிறீர்கள் என்று நபியவர்கள் கேட்டார்கள். வீட்டுக் கழுதைகளின் இறைச்சி என்றார்கள். அன்றுதான் அது தடுக்கப்பட்டது. குதிரைக்கு அதே நாளில் அனுமதி கொடுத்தார்கள் என்று ஜாபிர் (ரலி) சொல்கிறார்கள். இமாம் அபூ ஹனீஃபா குதிரையை மக்ரூஹ் (வெறுக்கப்பட்டது) என்றார்கள், அவர்களின் இரண்டு பெரிய மாணவர்களும் கூடும் என்றார்கள். அறிவிப்பாளர் கூவிக்கொண்டு வர, கறி கொதித்துக்கொண்டிருந்த சட்டிகளை அப்படியே கவிழ்த்தார்கள். பசியோடிருந்த படை அது. முதலில் "கொட்டிவிட்டு உடைத்துவிடுங்கள்" என்றுதான் உத்தரவு. ஒருவர் கேட்டார்: "கொட்டிவிட்டுக் கழுவிக்கொள்ளட்டுமா?" "அப்படியும் செய்யலாம்" என்றார்கள்.

திட்டவட்டமாக ஹராமாகிப்போன கறி கொதித்த சட்டிக்கே கழுவினால் போதும் என்றால், கணவாய்ச் சட்டிக்குக் கேட்கவே வேண்டாம். அதுவும் உங்கள் மத்ஹபில் கணவாயைத் தின்னத்தான் ஆகாது, அது நஜீஸ் (அசுத்தம்) இல்லை. ஓடும் இரத்தம் இல்லாத கடல் பிராணி தண்ணீரில் செத்தால் அந்தத் தண்ணீர் அசுத்தமாகாது என்பது உங்கள் கித்தாபிலேயே இருக்கிறது. தனிச் சட்டி, தனி அகப்பை என்று மாமி வீட்டில் எதையும் பிரிக்காதீர்கள். கணவாய் ஆக்குகிற அன்று உங்களுக்கு இரண்டு துண்டு மீன் பொரித்துத் தரச் சொல்லுங்கள். கணவாய் பொரித்த எண்ணெயில் வேண்டாம், வேறு எண்ணெயில். சட்டி அதே சட்டியாக இருக்கட்டும்.